பிறந்த கிழமையே பெயர்!

ஆப்பிரிக்கா என்றதும் சிங்கமும் பாலைவனமும்தானே ஞாபகம் வருகிறது? என் கணவர் வேலையாகக் கானா போனபோது நானும் கூடப் போய் மூன்று வாரம் இருந்து வந்தேன். நம் வாசகிகளுக்குச் சொல்ல எத்தனையோ இருக்கிறது. இந்த முறை நாலே விஷயம்.

முதலில் சாப்பாடு. மரவள்ளிக்கிழங்கையும் வாழைக்காயையும் வேக வைத்து, உரலில் இடித்து உருட்டினால் அதுதான் 'ஃபுஃபு'. சூப்பில் தோய்த்து, மெல்லாமல் அப்படியே விழுங்குகிறார்கள். நமக்குச் சுலபமாக ஒத்துப் போவது 'வாச்சே'. அரிசியும் காராமணியும் சேர்த்து வேக வைத்த சாதம். சோளத் தோகை போட்டு வேக வைப்பதால் செக்கச்செவேல் என்று இருக்கும். எதையும் இடது கையால் கொடுத்தால் மரியாதைக் குறைவு. நம் பாட்டிமார் சொன்னதேதான்!

அடுத்தது பெயர். அகான் மக்களிடையே பிறந்த கிழமையே குழந்தைக்குப் பெயராகி விடுகிறது. வெள்ளிக்கிழமைப் பையன் கோஃபி. ஐ.நா. சபைப் பொதுச் செயலாளராக இருந்த கோஃபி அன்னான் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பெண் அகோசுவா. எட்டாம் நாள் பெயர் சூட்டும்போது, பெரியவர் ஒருவர் குழந்தையின் நாக்கில் ஒரு சொட்டுத் தண்ணீரும் ஒரு சொட்டு மதுவும் வைப்பார். தண்ணீரைத் தண்ணீர் என்றும் மதுவை மது என்றும் சொல்லிப் பழகு, பொய் பேசாதே என்று அர்த்தமாம். மது நமக்கு வேண்டாம் அம்மா, கருத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்!

ககூம் காட்டில், மரங்களின் உச்சியோடு உச்சியாகக் கயிற்றுப் பாலம் கட்டியிருக்கிறார்கள். 1995-ல் திறந்தது. ஏழு பாலங்கள், மொத்தம் சுமார் 350 மீட்டர் நீளம். சில இடங்களில் 40 மீட்டர் உயரம். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கீழே பார்க்காமல் நடந்தேன். இந்தக் காட்டில் யானைகள் உண்டு என்றாலும் கண்ணில் படுவது அபூர்வம். பறவைகளைப் பார்க்க வேண்டுமானால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும்.

கடைசியாக, மனசை விட்டுப் போகாத இடம் கேப் கோஸ்ட் கோட்டை. அடிமைகளாக விற்கப்பட்டவர்களைக் கப்பல் வரும்வரை இங்கேதான் அடைத்து வைத்தார்கள். பெண்களுக்குத் தனி நிலவறை. கடலைப் பார்த்த வாசலுக்குத் 'திரும்பி வராத வாசல்' என்று பெயர். எத்தனை தாய்மார் பெற்ற பிள்ளையைப் பிரிந்து அதன் வழியே போனார்களோ! இன்று அதே வாசலின் வெளிப்பக்கத்தில் 'திரும்பி வரும் வாசல்' என்று எழுதியிருக்கிறார்கள். அன்று போனவர்களின் வம்சத்தார் கடல் கடந்து வந்து, அதன் வழியே உள்ளே நுழைகிறார்கள்.

போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குப் பத்து நாள் முன்பே போட்டுக்கொள்ளுங்கள். நம் நாட்டுக்குத் திரும்பும்போதும் அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள். மலேரியா மாத்திரை பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரர்களும் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் வாங்கவே வேண்டாம்.