ஸ்லைடில் படம் எதற்கு?



அறிவியல் கண்காட்சியானாலும் சரி, குழந்தைகள் அறிவியல் மாநாடானாலும் சரி, இப்போது உங்களிடம் கேட்பது ஸ்லைடுகளைத்தான். கணிப்பொறியில் நாலைந்து பக்கம் தயாரித்து, படங்களை ஒட்டி, புரொஜெக்டரில் காட்ட வேண்டும். இந்தப் படங்களைப் பற்றித்தான் உங்களிடம் சற்றுப் பேச வேண்டும்.

கூடுவாஞ்சேரி மாணவர்கள் சிலர் நந்திவரம் ஏரியை ஆராய்ந்ததாக வைத்துக்கொள்வோம். முதல் ஸ்லைடில் பனிமலை சூழ்ந்த ஒரு நீல ஏரி! இணையத்தில் தேடியதும் முதலில் வந்த படம் அது. "அழகாகத்தானே இருக்கிறது? பார்ப்பவர்களின் கவனத்தை இழுக்குமே!" என்று நீங்கள் கேட்கலாம். இழுக்கும்தான், ஆனால் எங்கே இழுக்கும்? பனிமலைக்கு! நந்திவரம் ஏரி மறந்தே போகும். அறிவியலில் படம் அலங்காரப் பொருள் அன்று, அது சாட்சி. இதுவே என் கருத்து.

"ஒரு ஸ்லைடுக்கு இவ்வளவு பேச்சா?" என்கிறீர்களா? 2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் புறப்பட்டது. ஏறத்தாழ 82 விநாடிகளில் எரிபொருள் தொட்டியிலிருந்து ஒரு நுரைக்கட்டி பெயர்ந்து இடது இறக்கையில் மோதியது. ஆபத்து உண்டா என்று பொறியாளர்கள் ஆராய்ந்து, அதிகாரிகளுக்கு ஸ்லைடுகளில் விளக்கினார்கள். முன்பு சோதனையில் மோதவிட்ட கட்டி 3 கன அங்குலம். இப்போது மோதியதோ 1,920 கன அங்குலம் என மதிப்பிடப்பட்டது. அதாவது 640 மடங்கு! இந்தச் செய்தி எங்கே இருந்தது தெரியுமா? எழுத்துகள் நெருக்கியடித்த ஒரு ஸ்லைடின் அடிப்பகுதியில். தலைப்போ ஆறுதல் சொல்வதுபோல் இருந்தது.

அங்கே இரண்டே இரண்டு கனசதுரங்களை ஒரே அளவீட்டில் வரைந்திருந்தால்? ஒன்றின் பக்கம் 3.7 செ.மீ.; மற்றதன் பக்கம் சுமார் 32 செ.மீ. எலுமிச்சம்பழத்தையும் ஓர் அடிக்கு மேற்பட்ட பெட்டியையும் அருகருகே வைத்ததுபோல, பார்த்த மாத்திரத்தில் புரிந்திருக்கும். விண்ணில் இருக்கும் ஓடத்தின் இறக்கையைப் படம் எடுக்க வேண்டும் என்றும் பொறியாளர்கள் கேட்டார்கள், அது நடக்கவில்லை. பிப்ரவரி 1 அன்று திரும்பும் வழியில் ஓடம் சிதறியது. கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவர் மாண்டனர். விபத்துக்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் விசாரணைக் குழு தன் அறிக்கையில் அந்த ஸ்லைடையும் எடுத்துக் குறை கூறியது.

சரி, நல்ல சாட்சியாகப் படத்தை எப்படி வைப்பது?

முதலில் தெளிவு. இன்றைய திரைகள் பலவற்றில் 1920 × 1080, அதாவது ஏறத்தாழ 20 லட்சம் படப்புள்ளிகள் உள்ளன. 240 × 135 புள்ளிகள் கொண்ட சிறு படத்தைத் திரை முழுவதும் விரித்தால், ஒரு புள்ளி 64 புள்ளிகளின் இடத்தை நிரப்ப வேண்டும். படம் மங்காமல் என்ன செய்யும்? இல்லாத விவரத்தைக் கணிப்பொறி கொண்டுவர முடியாது. மாறாக, 1.2 கோடி புள்ளிகள் உள்ள கைப்பேசிப் படத்தை அப்படியே ஒட்டினால் கோப்புதான் கனக்கும். திரையில் தெளிவு கூடாது. எனவே அளவாகச் சுருக்கி வையுங்கள்.

அடுத்து வடிவம். படத்தைப் பெரிதாக்க மூலையைப் பிடித்து இழுங்கள். பக்கவாட்டில் இழுத்தால் வட்டம் முட்டையாகிவிடும். தும்பியின் இறக்கை இயல்பைவிட நீண்டுவிடும். அது பொய் அளவு அல்லவா? படம் எடுக்கும்போதே பொருளின் அருகில் ஓர் அளவுகோலை வைத்துவிடுங்கள்.

மூன்றாவது நேர்மை. வேண்டாத ஓரத்தை வெட்டலாம். ஆனால் கரையில் கிடக்கும் பிளாஸ்டிக் குப்பையை வெட்டிவிட்டு, "தூய்மையான ஏரி" என்று எழுதலாமா? பச்சை படிந்த தண்ணீரை நீலமாக்கலாமா? கூடாது. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் டிசம்பரில் இருக்கும் ஏரி வேறு, மே மாத ஏரி வேறு. ஆகவே எடுத்த இடத்தையும் தேதியையும் படத்தின் கீழே எழுதுங்கள். பிறர் எடுத்த படமானால் அவர் பெயரையும் குறிப்பிடுங்கள்.

பிலிம் ஸ்லைடுகள் இருந்த காலத்தில் 24 × 36 மில்லிமீட்டர் சட்டம் ஒவ்வொன்றுக்கும் காசு செலவானது. யோசித்துத்தான் படம் எடுத்தார்கள். இன்று செலவில்லை என்பதால் யோசனையும் வேண்டாம் என்றாகிவிடுமா?

அடுத்த முறை ஸ்லைடு தயாரிக்கும்போது ஒவ்வொரு படத்தையும் ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ இல்லாவிட்டால் என் ஆய்வில் எது புரியாமல் போகும்?" பதில் இல்லையென்றால் அந்தப் படத்தைத் தயங்காமல் நீக்குங்கள். கைப்பேசியை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் ஏரிக்கரைக்குப் போங்கள். அங்கே நீங்களே எடுக்கும் படம் சற்றுக் கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. அது உண்மையைச் சொல்லும்.