துப்பாக்கியின் ஆண்டும் மேய்ப்பனின் கூலியும்

அமெரிக்கத் தொலைக்காட்சியின் பழைய கௌபோய்த் தொடர்களிற் பிழை பிடிப்பதை ஒரு கலையாகவே வளர்த்துவிட்ட கூட்டமொன்று உண்டு. ஆகாயத்தில் ஜெற் விமானம் இழுத்துச் சென்ற வெண்கோடு தெரிகிறது என்பார் ஒருவர். பாலைநிலத்து மணலில் மோட்டார் வண்டியின் சக்கரத் தடம் கிடக்கிறது என்பார் மற்றொருவர். ஆறு தோட்டாக் கொள்ளும் கைத்துப்பாக்கி ஒன்பது தடவை வெடித்ததை எண்ணி வைத்திருப்பார் வேறொருவர். கன்சாஸ் மாநிலத்துச் சமவெளியிலே கட்டப்பட்ட டொட்ஜ் நகரத்தின் பின்னால் கலிபோர்ணியாவின் மலைகள் எழுந்து நிற்பதைக் கண்டு சிரிக்காதவர் அக்கூட்டத்தில் இல்லை.

இவர்கள் பொய் சொல்லவில்லை. 1958 முதல் 1963 வரை ஒளிபரப்பான ‘றைபிள்மன்’ தொடரின் கதை நியூ மெக்சிக்கோவில் 1880களில் நடக்கிறது; கதாநாயகன் கையிலே சுழலும் வின்செஸ்ரர் துப்பாக்கியோ 1892ஆம் ஆண்டு மாதிரி. அதே காலத்தில் வேறொரு தொடரிற் புகழ்பெற்ற ஸ்ரீவ் மக்குயீனின் இடைவாரைச் சுற்றிப் பளபளக்கும் தோட்டாக்கள் அவருடைய துப்பாக்கிக்குள் நுழையவே மாட்டா. பார்வைக்குப் பெரிதாக இருக்கவேண்டும் என்பதற்காக வேறு துப்பாக்கியின் தோட்டாக்களைச் செருகிவிட்டார்கள். 1959 முதல் 1973 வரை 431 கதைகளாக ஓடிய ‘பொனான்ஸா’வைப் பற்றி ஒரு புத்தகமே எழுதலாம். கதை 1860களில் நடக்கிறது. கதாநாயகர்களின் இடுப்பிலே 1873 இல் வெளிவந்த கொல்ட் துப்பாக்கி தொங்குகிறது. தொடக்கத்தில் தீப்பற்றி எரியும் அந்தப் புகழ்பெற்ற வரைபடத்தில் ரீனோ நகரம் இருக்கிறது. அந்நகரமோ 1868 இல் இருப்புப்பாதையோடு வந்தது. வரைபடத்திலே திசைகளும் தடுமாறிப்போயின. அதைச் சரிக்கட்ட, வடக்கைக் காட்டும் அம்புக்குறியைச் சாய்த்து வரைந்தார்கள். நிலத்துக்கேற்ப வரைபடத்தைத் திருத்தாமல் வரைபடத்துக்கேற்ப வடதிசையையே திருப்பிவிட்ட இந்தத் துணிவை நான் மனமார இரசிக்கிறேன்.

என் சண்டை இந்தச் சிரிப்போடு அன்று. சிரித்து முடித்ததும் தம் பணி முடிந்ததென எழுந்து போய்விடும் அறிஞர்களோடுதான்.

பொனான்ஸாவின் நாயகக் குடும்பத்தினர் தாஹோ ஏரிக்கரையிற் பல்லாயிரம் ஏக்கர் காட்டுக்கும் புல்வெளிக்கும் சொந்தக்காரர். வரைபடத்தில் ரீனோ இருக்கலாமா என்று நுணுகி ஆராயும் விமர்சகர், அந்த ஏரிக்கரை யாருடையது என்று கேட்பதில்லை. அது வாஷோ மக்களின் நிலம். அவர்களின் வாழ்வும் வழிபாடும் அந்த ஏரியைச் சுற்றியே அமைந்தன. துப்பாக்கி பத்தாண்டு முந்தி வந்துவிட்டது என்பதைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு, ஒரு மக்களினம் முழுவதும் சட்டகத்துக்கு வெளியே தள்ளப்பட்டது தெரியவில்லை. இதைக் கண்ணின் குறை என்று விட்டுவிட என்னால் முடியவில்லை. கவனக்குறைவாற் பிறக்கும் பிழையும் உண்டு. ஒரு வர்க்கத்தின் நலனுக்காகப் பிறக்கும் பிழையும் உண்டு. முன்னதை மட்டும் பொறுக்கி எடுப்பவர், தாம் அறியாமலே பின்னதற்குச் சான்றிதழ் வழங்குகிறார். வீட்டைப் பார்வையிட வந்த தச்சன், ‘இந்த ஓர் ஆணி கோணல்’ என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், மற்றதெல்லாம் நேர் என்றுதானே வீட்டுக்காரன் கொள்வான்?

கௌபோய் என்பவன் யார்? பிறருடைய மாட்டை மேய்த்துச் சம்பளம் வாங்கிய கூலியாள். உள்நாட்டுப் போர் 1865 இல் முடிந்தபின், ரெக்சாஸில் மலிந்து கிடந்த மாடுகளைக் கன்சாஸின் இருப்புப்பாதை முனைகளுக்கு ஓட்டிச் செல்லும் தொழில் தோன்றியது. இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் மாதக்கணக்காக ஓட்டிச் சென்றனர். பகலிற் புழுதி, இரவிற் காவல், மழையில் மிரண்டோடும் மந்தை, ஆற்று வெள்ளம். இவற்றுக்கெல்லாம் மாதச் சம்பளம் ஏறத்தாழ 25 முதல் 40 டொலர் வரை. குதிரைகூடப் பெரும்பாலும் முதலாளியுடையதே.

இந்தக் கூலியாட்கள் 1883 இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். ரெக்சாஸின் வடமுனையிலே பெரும் பண்ணைகள் பலவற்றின் மேய்ப்பர்கள் கூடி, மாதம் 50 டொலர் தரவேண்டும், சமையற்காரனுக்கும் அதே சம்பளம் தரவேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்டார்கள். முதலிற் கையொப்பமிட்டோர் 24 பேர். சம்பளம் மட்டும் அவர்களின் குறையன்று. முன்பெல்லாம் மேய்ப்பன் தன் சம்பளத்தின் ஒரு பகுதியைக் கன்றுகளாகப் பெற்று, பண்ணை நிலத்திலேயே தன் சிறு மந்தையையும் வளர்த்துக்கொள்ளலாம். கிழக்கிலிருந்தும் கடலுக்கப்பாலிருந்தும் வந்த கூட்டுக் கம்பனிகள் பண்ணைகளை வாங்கியதும் அவ்வழக்கத்தை நிறுத்திவிட்டன. கூலியாள் என்றைக்கும் கூலியாளாகவே இருக்கவேண்டும் என்பது புதிய கணக்கு. வேலைநிறுத்தத்துக்கு உள்ளான பண்ணைகளுள் ஒன்றை 1881 இல் வாங்கியிருந்தது எடின்பரோவில் அமைந்த ஒரு கம்பனி. ஸ்கொத்லாந்தின் மூலதனம் அந்நாட்களில் எங்கெங்கே இறங்கியது என்பதை இலங்கை வாசகருக்கு நான் விரித்துச் சொல்லவேண்டியதில்லை. கிளாஸ்கோ வணிகர் தோமஸ் லிப்ரன் நமது மலைநாட்டிலே தோட்டங்கள் வாங்கியது 1890 இல்.

வேலைநிறுத்தம் தோற்றது. இரண்டரை மாதமளவில் கைப்பணம் கரைந்தது. வேலை தேடி வந்த வேறு ஆட்களைப் பண்ணைகள் அமர்த்திக்கொண்டன. தோற்ற போராட்டமாயினும் அது நடந்த போராட்டம். ஆயினும் தொலைக்காட்சியின் மேற்குப் புலத்தில் கௌபோய் எவனது கூலியாளும் அல்லன். காற்றைப் போலத் தன்னிச்சையாய்த் திரியும் தனிமனிதன். அவனுக்குச் சங்கம் வேண்டாம், தோழன் வேண்டாம். ஒரு குதிரையும் ஒரு துப்பாக்கியும் போதும். இந்தத் தனிமனிதன் எந்த ஆண்டு மாதிரித் துப்பாக்கியை ஏந்தியிருந்தாலென்ன? அவனே ஒரு காலப்பிழை.

அவனுடைய நிறமும் பிழை. ரெக்சாஸ் மேய்ப்பர்களுள் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் மதிப்பீடு. மெக்சிக்கோ வழிவந்தோரும் பெருந்தொகையினர். கயிறு வீசுவது, சூடு போடுவது, சேணத்தின் அமைப்பு, ‘ராஞ்ச்’, ‘ரோடியோ’ என்னும் சொற்கள், இவையெல்லாம் மெக்சிக்கோ மேய்ப்பனிடமிருந்து வந்தவை. மாடோட்டிகளின் வாழ்வையே கதையாகக் கொண்ட ‘றோஹைட்’ 1959 இல் தொடங்கியது. ரேமண்ட் சென்ற் ஜாக் என்ற கறுப்பு நடிகருக்கு அதிலே நிலையான பாத்திரம் கிடைத்தது 1965 இல், தொடர் மூடப்படும் பருவத்திலே. அடிமையாகப் பிறந்து, 1875 இல் அரசின் துணை மார்ஷலாகி, மூவாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கைதுசெய்த பாஸ் ரீவ்ஸ் என்பவரின் பெயரை அந்நாளைய இரசிகருள் எத்தனை பேர் அறிந்திருந்தனர்?

இனி டொட்ஜ் நகரத்துக்கு வருவோம். ‘கன்ஸ்மோக்’ 1955 முதல் 1975 வரை, 635 கதைகளாக, இருபதாண்டு ஓடியது. உண்மையான டொட்ஜ் நகரம் மாட்டுச் சந்தையாகச் செழித்ததோ ஏறத்தாழப் பத்தாண்டுதான். 1885 இல் ரெக்சாஸ் மாடுகளுக்குக் கன்சாஸ் தடை விதித்ததோடு அது முடிந்தது. சந்தை இருந்த காலத்தைவிட இரட்டிப்புக் காலம் அதைப் பற்றிய பொய் நிலைத்தது. டொட்ஜ், அபிலீன், எல்ஸ்வேர்த், விச்சிற்றா, கால்ட்வெல் என்னும் ஐந்து சந்தை நகரங்களில் 1870 முதல் 1885 வரை நிகழ்ந்த கொலைகளை ரொபேட் டிக்ஸ்ரா என்ற வரலாற்றாசிரியர் எண்ணிப் பார்த்து 1968 இல் நூலாக வெளியிட்டார். மொத்தம் 45. இந்த எண்ணிக்கையைத் தொலைக்காட்சி ஒரு பருவத்திலேயே தாண்டிவிடும்! டொட்ஜ் நகரத் தெருவின் அக்காலத்துப் புகைப்படமொன்றில், துப்பாக்கி ஏந்துவது கண்டிப்பாகத் தடைசெய்யப்பட்டது என்னும் பலகை நடுத்தெருவில் நிற்கிறது. 1881 ஒக்ரோபரில் அரிசோனாவின் ரூம்ஸ்ரோன் நகரில் நடந்த புகழ்பெற்ற துப்பாக்கிச் சண்டைகூட, ஊருக்குள் ஆயுதம் ஏந்தக்கூடாதென்ற சட்டத்தை ஒட்டியே வெடித்தது. ஆயுதத்தைக் கட்டுப்படுத்திய ஊர்களை ஆயுதத்தின் பிறப்பிடமாக மாற்றிக் காட்டினார்கள்.

துப்பாக்கி ஓங்கிய இடமும் இருந்தது. அதைக் காட்டும்போது நாயகனையும் தீயோனையும் இடம் மாற்றினார்கள். 1892 இல் வயோமிங்கில், பெருமுதலாளிகளின் சங்கம் ரெக்சாஸிலிருந்து கூலிக்கு ஆள் பிடித்து, சிறு விவசாயிகளைக் கொல்லப் படையாக அனுப்பியது. ஊர்மக்கள் திரண்டு வளைத்துக்கொண்டபோது கொலைகாரரைக் காப்பாற்றக் குதிரைப்படையே வந்தது. ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. தொடர்களிலே குதிரைப்படை ஊதுகொம்போடு பாய்ந்து வருவது யாரைக் காப்பாற்ற என்பதை வாசகர் நினைத்துப் பார்க்கலாம்.

‘வாகன் ட்ரெயின்’ 1957 முதல் 1965 வரை, குடியேற வந்தோரின் வண்டித் தொடரைக் காட்டியது. வண்டிகளை வட்டமாக நிறுத்தி, சுற்றிச் சுற்றி வரும் குதிரை வீரர்களைச் சுட்டு வீழ்த்தும் காட்சி திரையுலகின் பொதுச்சொத்து. வண்டிகளை வட்டமாக நிறுத்தியது பெரும்பாலும் மாடு ஓடிவிடாதிருக்கும் பொருட்டே. ஜோன் அன்ரூ என்ற ஆராய்ச்சியாளர் 1979 இல் வெளியான தம் நூலிலே, 1840 முதல் 1860 வரை அவ்வழிகளிற் பூர்வீக மக்களாற் கொல்லப்பட்ட குடியேறிகள் 362 பேர் என்றும், குடியேறிகளாற் கொல்லப்பட்ட பூர்வீக மக்கள் 426 பேர் என்றும் கணக்கிட்டார். அவ்வழியே போனவர்கள் இலட்சக்கணக்கானோர். வழியிலே மாண்டவர்களுட் பெரும்பாலோரைக் கொன்றது அம்பன்று. வாந்திபேதியும் ஏனைய நோய்களுமே. வழிகாட்டியாகவும், ஆற்றைக் கடத்திவிடுபவராகவும், தானியமும் குதிரையும் விற்பவராகவும் பூர்வீக மக்கள் அவ்வண்டிகளுக்கு உதவியதை அன்ரூ விரிவாகக் காட்டுகிறார். ஆறு கடத்திவிடும் மனிதனைக் காட்டினால், பின்பு அவனைச் சுடுவதற்குப் பார்வையாளன் மனம் ஒப்பாதே!

சுட்டது அக்கால இராணுவம். 1864 நவம்பர் 29 அன்று கொலராடோவின் சாண்ட் கிறீக் ஆற்றோரத்திலே, சமாதானத்தை நம்பி முகாமிட்டிருந்த செயென், அரபாஹோ மக்களைக் கேணல் சிவிங்ரனின் படை தாக்கிக் கொன்றது. மாண்டவர் நூற்றைம்பதுக்கு மேல். அவர்களிற் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. தொலைக்காட்சியில் இம்மக்களுக்கு முகம்கூட இரவல் முகம். அப்பாச்சித் தலைவர் கொச்சீஸாக 1956 முதல் 1958 வரை நடித்தவர் சிரியாவிற் பிறந்த மைக்கேல் அன்சாரா. ‘லோன் ரேஞ்சர்’ தொடரில் துணைவனாக நடித்த ஜே சில்வர்ஹீல்ஸ் உண்மையிலேயே மோஹாக் இனத்தவர். ஆனால் அவர் வாயிலே உடைந்த ஆங்கிலத்தைத் திணித்தார்கள். பாத்திரத்தின் பெயர் ‘ரொன்ரோ’. ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்கு முட்டாள் என்பது பொருள். பொனான்ஸாவின் சீனச் சமையற்காரர் ஹொப் சிங்காக நடித்த விக்ரர் சென் யங் சான் பிரான்சிஸ்கோவிற் பிறந்தவர்; அவருக்கும் அதே உடைந்த ஆங்கிலம். சீனத் தொழிலாளரின் வருகையைத் தடுக்கும் சட்டம் 1882 இல் வந்ததும், 1885 இல் வயோமிங்கின் றொக் ஸ்பிறிங்ஸ் சுரங்க நகரில் 28 சீனர் கொல்லப்பட்டதும் எந்தச் சமையலறை நகைச்சுவையிலே அடங்கும்?

நடுநிலை பேசுவோர் இங்கே குறுக்கிடுவர்: பொழுதுபோக்குக்கு வரலாறு எதற்கு? இந்தக் கேள்வியை அவர்கள் முதலில் அந்தத் துப்பாக்கி ஆராய்ச்சியாளரிடம் கேட்கட்டும். இரும்பைப் பற்றி உண்மை வேண்டும், மனிதரைப் பற்றி வேண்டாம் என்பது எந்த நடுநிலையில் அடங்கும்? அதேவேளை, நியாயத்துக்காக ஒன்றைச் சொல்லவேண்டும். இத்தொடர்களை எழுதியோர் எல்லோரும் கயவர் அல்லர். சீனர் மீதான வெறுப்பை வாக்காக மாற்ற முயலும் அரசியல்வாதியைக் கண்டிக்கும் கதையொன்று 1960 இல் பொனான்ஸாவிலேயே வந்தது. கன்ஸ்மோக்கிலும் மனச்சாட்சியுள்ள கதைகள் உண்டு. ஆனால் அவர்கள் எழுதிய காலத்தை மறக்கலாகாது. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பணியாற்றிய 151 பேரை இடதுசாரிச் சார்புடையோர் எனப் பெயர் குறித்த பட்டியல் 1950 இல் வெளிவந்து, பலரின் பிழைப்பில் மண் விழுந்த காலம் அது. செலவைப் பொறுப்பவை சிகரட் கம்பனியும் மோட்டார்க் கம்பனியும். அந்த நிலையில், சமையற்காரனுக்கும் 50 டொலர் கேட்ட மேய்ப்பர்களைப் பற்றி எழுத எத்தனை பேர் துணிவர்?

பிழை பிடிப்பதை நிறுத்தும்படி நான் சொல்லவில்லை. இன்னும் பிடியுங்கள் என்கிறேன். நம் வீட்டுப் பிழையையும் பிடியுங்கள். கொலம்பஸ் வழி தவறி வந்து இட்ட பெயரையும், ஐரோப்பியர் இட்ட நிறத்தையும் சேர்த்து ‘செவ்விந்தியர்’ என்று தமிழிற் சொல் செய்துகொண்டோம். செம்மையும் இல்லை, இந்தியாவும் இல்லை. அச்சொல்லைப் பத்திரிகையிலே அச்சிட்டோம், வகுப்பறையிலே கரும்பலகையில் எழுதினோம். இந்தக் கட்டுரையின் முதற்படியில் அது என் கையாலேயே இரண்டு இடங்களில் விழுந்திருந்தது. படி எடுக்கும்போது அடித்துவிட்டு, செயென் என்றும் வாஷோ என்றும் எழுதினேன்.