"இதில என்ன கிடக்கு பார்க்க?"

போன ஜூன் மாதம் அப்பாவைக் கார்டன் சமவெளிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஸ்காபுறோவிலிருந்து வடக்கே, ஒறிலியாவுக்குக் கிழக்கே, இரண்டு மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். வைலி ரோட் என்ற கிரவல் பாதையில் காரை நிறுத்தியதும் அப்பா கேட்ட முதல் கேள்விதான் தலைப்பில் இருக்கிறது.

கேள்வியில் பிழையில்லை. அங்கே அருவியோ மலையோ இல்லை, கோப்பிக் கடைகூட இல்லை. புல், கல், முள்ளுக்கம்பி வேலி, தூரத்தில் சில மாடுகள். நாங்கள் மஸ்கோகாவுக்கும் நயாகராவுக்கும் வருடா வருடம் போகிற ஆட்கள். இதை இயற்கை என்றே எண்ண மாட்டோம்.

அப்பா இறங்கி நடந்தார். காலடியில் பார்த்தார். "சுண்ணாம்புக்கல்லெல்லோ? மேல நாலு விரல் மண்தான். இது எங்கட தரவை."

எனக்குத் தரவை என்ற சொல்லே அன்றுதான் தெரியும். ஊரில் மாடு மேயும் வெளியாம். இங்கே இந்த நிலத்துக்கு அல்வார் என்று பெயர். வசந்தத்தில் தண்ணீர் நிற்கும், கோடையில் காய்ந்து வெடிக்கும். மரம் இலேசில் வேர்விடாது, அதனால் புல்வெளி புல்வெளியாகவே கிடக்கிறது. மாடுகள் மேய்வதும் அதற்கு உதவுகிறது. உலகத்தில் அல்வார் நிலம் மிகக் குறைவு. பெரிய ஏரிகளைச் சுற்றியும் பால்டிக் கடற்கரையிலும்தான் கூடுதலாக உண்டு.

இந்த 'ஒன்றுமில்லாத' இடத்தில்தான் பொபோலிங்க் கூடு கட்டுகிறது. ஆண் பறவைக்கு வயிறு கறுப்பு, முதுகில் வெள்ளை, பிடரியில் வைக்கோல் மஞ்சள். பாட்டு பழைய டயல்-அப் மோடம் மாதிரி (உங்களில் பாதிப் பேருக்கு அது என்னவென்றே தெரியாது, யூடியூப்பில் கேளுங்கள்). குளிர்காலத்துக்கு ஆர்ஜென்டினா, பொலிவியா பக்கம் போய்த் திரும்புகிறது. போக வர ஏறக்குறைய 20,000 கிலோமீற்றர். அவ்வளவு தூரம் வந்து வைக்கோல் வயலில் தரையில் முட்டையிட, குஞ்சு பறக்க முதலே ஜூனில் புல்லை வெட்டிவிடுகிறார்கள். 1970 முதல் வட அமெரிக்கப் புல்வெளிப் பறவைகளில் பாதிக்கு மேல் இல்லாமல் போய்விட்டன என்று 2019இல் வந்த ஆய்வு சொன்னது. காட்டுப் பறவைகளுக்குக்கூட இவ்வளவு மோசமில்லை.

ஏன் என்பதில் எனக்கு ஒரு கருத்து இருக்கிறது. காட்டை வெட்டினால் பதாகை பிடிக்க ஆள் வரும். வெறும் வெளியைத் தோண்டினால் யாரும் வருவதில்லை. கார்டனில் பறவைகளுக்குப் பக்கத்திலேயே கல்லுடைக்கும் குவாரிகள் இருக்கின்றன. ரொறன்ரோப் பக்கத்து வீதிகளுக்கும் கட்டடங்களுக்கும் அந்தக் கல் வருகிறது. நாங்கள் வாங்கும் புது வீடுகளும் அதற்குள் அடக்கம், என்னுடையதும்தான். 2014இல் ஒரு பகுதி மாகாணப் பூங்காவானது நல்ல விஷயம். மிச்சத்தைப் பார்த்து "ஒன்றுமில்லை" என்று நாங்கள் சொல்கிற வரைக்கும் குவாரிக்காரருக்கு வேலை சுலபம்.

அங்கே இன்னொருவர் இருக்கிறார்: லொகர்ஹெட் ஷ்ரைக். தமிழில் இந்த இனத்துக்குக் கீச்சான் என்று பெயர். மாரியில் இலங்கைக்கு வருகிற மண்ணிறக் கீச்சான் இதன் உறவு. முகமூடி போட்ட சின்னப் பறவை. கழுகுக்குரிய நகம் இல்லாததால் இரையை முள்ளில் குத்தி வைத்துத் தின்னும். ஒன்ராறியோவில் அழியும் நிலையில் இருக்கிறது. கூண்டில் வளர்த்துக் கார்டனில் விடுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் எங்களையெல்லாம் பஸ்ஸில் ஏற்றிக் கொண்டுபோன அதே ரொறன்ரோ மிருகக்காட்சிச்சாலைக்கும் அதில் பங்குண்டு.

போவதென்றால் மே கடைசியிலிருந்து ஜூன் வரை, விடியப் போங்கள். நீளக் காற்சட்டை போடுங்கள், உண்ணி இருக்கிறது. பாதையை விட்டு இறங்காதீர்கள். தயவுசெய்து ஃபோனில் பறவைக் குரல் போட்டு அதுகளை அலைக்கழிக்காதீர்கள், அது கூடு கட்டும் நேரம்.

இரண்டு தரம் போயும் நான் கீச்சானைக் காணவில்லை. இரண்டாம் தரம் வேலிக்கம்பியின் முள்ளில் ஒரு வண்டு குத்தியிருந்தது. கண்டுபிடித்தவர் அப்பா. அந்தப் படத்தைத்தான் இப்போது வாட்ஸ்அப்பில் வைத்திருக்கிறார்.