பிள்ளைகளே சிபாரிசு செய்யட்டும்

நம் சங்க நூலகத்தை இனியும் வைத்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்திருக்கிறது. புத்தகம் எடுப்பவர்கள் அறுபதைக் கடந்த சிலர்தான் என்றும், மூன்று அலமாரிகளையும் அகற்றினால் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு இடம் கிடைக்கும் என்றும் அன்பர்கள் சிலர் சொல்கிறார்கள். இடநெருக்கடி உண்மைதான். ஆனால், “இந்தக் காலத்துப் பிள்ளைகள் எங்கே சார் படிக்கிறார்கள்?” என்று அவர்கள் கூறும் காரணத்தை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பிள்ளைகள் படிக்கிறார்கள். பொங்கல் விழாவில் பந்திக்குக் காத்திருக்கும் நேரத்தில் அவர்கள் பேசுவதைச் சற்றுக் காது கொடுத்துக் கேளுங்கள். ஹாரி பாட்டர் அத்தனையும் முடித்தவள், அடுத்து என்ன படிக்கலாம் என்று கேட்கிறாள். அகதா கிறிஸ்டியின் கதை ஒன்றை, கொலையாளி யாரென்று மட்டும் சொல்லாமல் இன்னொருத்தி விவரிக்கிறாள். “ராத்திரி ஒரு மணி வரைக்கும் கீழேயே வைக்கலை. நாளைக்குக் கொண்டுவந்து தரேன்” என்கிறாள். புத்தகம் கைமாறுகிறது. வாத்தியார் சொல்லவில்லை, பரீட்சையும் இல்லை. தமிழ் நாவல் மட்டும் இந்தக் கைமாற்றலில் சேருவதில்லை. ஏன்?

தமிழ் நாவலைப் பற்றி அவர்களிடம் பேசுகிறவர்கள் நாம் என்பதே காரணம் என்று நினைக்கிறேன். நாம் சிபாரிசு செய்வதில்லை, விதிக்கிறோம். “தமிழனாய்ப் பிறந்தவன் பொன்னியின் செல்வன் படிக்காமல் இருக்கலாமா?” என்று ஆரம்பிக்கிறோம். கல்கி அதை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதினார். அன்றைய வாசகருக்கு வாரம் ஒரு சிறு பகுதி. அதைப் பற்றி அண்டை வீட்டாரோடு பேச மீதி நாட்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையிடம் ஐந்து பாகங்களையும் ஒரே நாளில் அடுக்கிவைத்தால் அமுதமும் கஷாயமாகத்தான் தெரியும்.

நாம் எப்படிப் படிக்க ஆரம்பித்தோம் என்று நினைத்துப் பாருங்கள். ரயில்வே காலனிகளில் வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்துச் சேர்த்து, ஊசி நூலால் தைத்து, பழைய காலண்டர் அட்டை போட்டு பைண்டு செய்து வைத்திருப்பார்கள். அது குவார்ட்டர்ஸ் குவார்ட்டர்ஸாகச் சுற்றி வரும். “இந்த இடத்தில் அழுதுவிட்டேன்” என்று ஓரத்தில் பென்சிலில் யாரோ எழுதியிருப்பார்கள். அந்த ஒரு வரிக்காகவே அடுத்தவர் கேட்டு வாங்குவார். நமக்குக் கிடைத்ததும் சக வயதினரின் சிபாரிசுதான்.

ரயில்பாதையில் தண்டவாளம் பிரியும் இடத்தைப் பாயிண்டு என்போம். அங்கே நாக்குத் தண்டவாளம் நகருவது சுமார் 115 மில்லிமீட்டர், ஏறத்தாழ அரைச் சாண்தான். அந்த அரைச் சாண் நகர்வில் வண்டி போய்ச் சேரும் ஊரே மாறிவிடுகிறது. பதினான்கு வயதில் தோழி சொல்லும் ஒரு வார்த்தைக்கும் அந்தச் சக்தி உண்டு. நம்முடைய அரை மணிப் பிரசங்கத்துக்கு அது கிடையாது.

“தமிழ் எழுத்தே சரியாகத் தெரியாதவர்கள் தமிழ் நாவலை எப்படிப் படிப்பார்கள்?” என்று கேட்கலாம். முதலில் ஆங்கிலத்தில் படிக்கட்டுமே! நாம் இருப்பது நாக்பூரில். இந்த மராட்டி மண்ணின் காண்டேகரை நாம் எந்த மொழியில் படித்தோம்? கா. ஸ்ரீ. ஸ்ரீ.யின் தமிழில்தானே? வங்காள நாவல்களைத் த. நா. குமாரஸ்வாமி தமிழில் தந்தார். அவற்றைப் படித்ததற்காக நாம் வெட்கப்படவில்லை. பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ ஆங்கில வடிவில் 2023ஆம் ஆண்டு சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது. ஒரு வெள்ளாட்டின் கதையான அவருடைய ‘பூனாச்சி’யும் ஆங்கிலத்தில் கிடைக்கிறது. கதை பிடித்துப்போன பிறகு மூலத்தைத் தேடும் ஆசை சிலருக்காவது வரும். கதையே தெரியாதவருக்கு எழுத்தைக் கற்கும் ஆசை எங்கிருந்து வரும்?

வெளியூரில் வளரும் பிள்ளைகள் தங்கள் வாழ்க்கையையே காணக்கூடிய தமிழ் நாவல்களும் உண்டு. அசோகமித்திரனின் ‘18வது அட்சக்கோடு’ 1977இல் வந்தது. 1947-48 காலத்து செகந்திராபாத். ரயில்வேயில் வேலை பார்க்கும் அப்பா. வீட்டில் தமிழ், வெளியே உருதுவும் தெலுங்கும். கிரிக்கெட் பைத்தியமான பையன். ஊர் கலவரத்தில் சிக்கும்போது தான் எந்தப் பக்கம் என்று அவன் திகைக்கிறான். ஆதவனின் ‘காகித மலர்கள்’ டில்லி இளைஞர்களைப் பற்றியது. நாஞ்சில் நாடனின் ‘மிதவை’யில் பட்டதாரி ஒருவன் வேலை தேடிப் பம்பாய்க்குப் போகிறான். இவை அலமாரியில் இருக்கட்டும். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பிள்ளைகள் சொல்லட்டும்.

என் யோசனை எளியது. நூலகத்துக்கு ஓராண்டு அவகாசம் கொடுப்போம். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் கோடு போட்ட தாள் ஒன்றை ஒட்டுவோம். படித்த பிள்ளை அதில் இரண்டு வரி எழுதட்டும்: என்ன பிடித்தது, யாருக்குப் பிடிக்கும் என்று. தமிழ், ஹிந்தி, மராட்டி, ஆங்கிலம் எதுவானாலும் சரி. மாதத்தில் ஒரு ஞாயிறு, வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளட்டும். அங்கே ஹாரி பாட்டரும் வரலாம், தமிழ் நாவலும் வரலாம். இவ்விதழில் ஒரு பக்கமும் அவர்களுக்கு ஒதுக்குவோம்.

பெற்றோருக்கு இரண்டு வேண்டுகோள். பேச்சுப் போட்டிக்கு எழுதித் தருவது போல் இந்த இரண்டு வரியையும் நீங்கள் எழுதித் தராதீர்கள். பரிசும் வைக்க வேண்டாம். பரிசு வந்தால் அதுவும் ஒரு பரீட்சையாகிவிடும். “முதல் நூறு பக்கம் போர்” என்று ஒரு பெண் எழுதினால் கோபிக்காதீர்கள். நூறு பக்கம் படித்தவள்தானே அதைச் சொல்ல முடியும்?

நூலக இயலுக்கு உலகப்புகழ் தேடித்தந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன் 1931இலேயே வலியுறுத்தியது, ஒவ்வொரு புத்தகமும் தனக்குரிய வாசகரைச் சென்றடைய வேண்டும் என்பதை. நம் அலமாரிகளில் வாசகரைக் காணாமல் காத்திருக்கும் புத்தகங்கள் ஏராளம். அவற்றைப் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போடுமுன், பிள்ளைகள் கையில் ஒருமுறை கொடுத்துப் பார்க்கலாமே? வரும் பொதுக்குழுவில் அன்பர்கள் இதை யோசித்து முடிவெடுக்க வேண்டுகிறேன். தாள் ஒட்டும் வேலையை நானே செய்து தருகிறேன்.