கத்தரிக்கோலின் ரசிகர்கள்: ஈரானிய சினிமாவை முன்வைத்து

ஈரானிய சினிமா பற்றி எம்மவர்கள் பேசத் தொடங்கி இருபது வருடங்களுக்கு மேலாகின்றது. இறுவட்டுக்கள் கைமாறிய நாட்களில் மஜீத் மஜீதியின் ‘சுவர்க்கத்தின் குழந்தைகள்’ (1997) பார்த்துக் கண்கலங்காத இலக்கியக்காரர் நம்மிடையே குறைவு. தங்கச்சியின் சப்பாத்தைத் தொலைத்துவிட்ட அலி, ஒரே சோடியை மாறி மாறிப் போட்டுக்கொண்டு பாடசாலைக்கு ஓடுகின்ற அண்ணனும் தங்கையும், மூன்றாம் பரிசான சப்பாத்துக்காக ஓடி முதலாமிடம் வந்துவிட்டு அழுகின்ற அந்த முகம். அங்கிருந்து கியாரோஸ்தமி, பனாஹி, மக்மல்பாஃப் என்று ஒரு பரவசமே உருவாயிற்று. பாரசீகத்தில் ‘குதா ஹாபிஸ்’ தவிர ஒரு சொல்லும் அறியாதவர்கள் தெஹ்ரானின் சந்துகளைத் தங்கள் ஊர் ஒழுங்கைகளைப் போல விவரிக்கத் தொடங்கினார்கள். அந்நிய நாடொன்றின் சினிமாவுக்கு ஒருவர் தீவிர ரசிகராவதில் எந்தப் பிழையும் இல்லை. எனக்கும் அந்த வியாதி உண்டு. கோடம்பாக்கத்துக் கதாநாயகனின் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றுவதை விட இது எவ்வளவோ மேல்.

என் முரண்பாடு வேறு. இது சுத்தமான சினிமா, இது இஸ்லாமிய சினிமா, கட்டுப்பாடு இருந்தபடியால்தான் இப்படியொரு கலை பிறந்தது என்று கூட்டங்களிலும் தேநீர்க் கடைகளிலும் சலிக்காமல் சொல்லப்பட்டு வருகின்றதே, அந்தப் பேச்சோடுதான் எனக்குப் பிரச்சினை. இதைச் சொல்பவர்கள் ஈரானிய சினிமாவை நேசிக்கவில்லை. அதை வெட்டிய கத்தரிக்கோலை நேசிக்கிறார்கள்.

வரலாற்றிலிருந்து தொடங்குவோம். பாரசீக மொழியின் முதலாவது பேசும் படமான ‘லோர் பெண்’ 1933இல் வெளிவந்தது. அது எடுக்கப்பட்டது பம்பாயில், அர்தஷீர் இரானியின் இம்பீரியல் கம்பனியில். தமிழின் முதலாவது பேசும் படமான ‘காளிதாஸ்’ (1931) உருவானதும் அதே மனிதரின் தயாரிப்பில்தான். ஆக, தமிழுக்கும் பாரசீகத்துக்கும் திரையில் வாய் திறந்து கொடுத்தவர் ஒரு பார்ஸிக்காரர். பிறகு ஆட்டமும் பாட்டும் சண்டையுமாகப் பல தசாப்தங்கள் ஈரானில் ஓடின. அதன் நடுவேதான் ஃபரூக் ஃபரொக்ஸாத் என்ற கவிஞை தப்ரீஸுக்கு அருகிலிருந்த தொழுநோயாளர் குடியிருப்புக்குப் போய் ‘வீடு கறுப்பாக இருக்கிறது’ என்ற சிறிய ஆவணப்படத்தை எடுத்தாள். தாரியூஷ் மெஹ்ர்ஜூயியின் ‘பசு’ வந்தது 1969இல். கிராமத்துக்கு இருந்த ஒரே பசு செத்துப்போக, அதன் சொந்தக்காரன் தானே பசுவாகிவிடுகின்ற கதை. சிறுவர்களுக்கான ‘கானூன்’ நிறுவனம் 1965இல் மன்னர் குடும்பத்தின் ஆதரவில் தொடங்கப்பட்டது. கியாரோஸ்தமி தன் முதலாவது குறும்படத்தை 1970இல் எடுத்ததும் அங்கேதான். நம்மவர்கள் ‘இஸ்லாமிய சினிமா’ என்று கொண்டாடுகின்ற அந்தக் குழந்தைப் படங்களின் வேர் ஷாவின் காலத்தில் இருக்கிறது. ஷாவும் தணிக்கை செய்தார் என்பது வேறு கதை. தன் நாடு வறுமையானது என்று வெளியுலகம் நினைத்துவிடக் கூடாதென்று, ‘பசு’ பழைய காலத்தில் நடந்ததாக ஓர் அறிவித்தலையே போடவைத்தது அந்த அரசு.

1978 ஓகஸ்ட் 19இல் ஆபாதான் நகரின் ரெக்ஸ் திரையரங்கில் தீ வைக்கப்பட்டது. கதவுகள் பூட்டப்பட்டிருந்தன. சுமார் நானூறு பேர் உள்ளேயே கருகினார்கள். அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தது மசூத் கீமியாயியின் ‘மான்கள்’. அந்தச் சாம்பலில் இருந்து சினிமா திரும்பவும் எழுந்ததே பெரிய காரியம். 1979 பெப்ரவரியில் நாடு திரும்பிய கொமெய்னி, தாங்கள் எதிர்ப்பது சினிமாவை அல்ல, ஒழுக்கக்கேட்டையே என்று பேசியதும், ‘பசு’வை அவர் மெச்சியதாகப் பரவிய செய்தியும் அந்தக் கதவைத் திறக்க உதவின. ஆனால் திறந்த கதவில் ஒரு காவலாளியும் நிறுத்தப்பட்டான். கலாசார, இஸ்லாமிய வழிகாட்டல் அமைச்சின் அனுமதி படமெடுக்கவும் வேண்டும், எடுத்ததைக் காட்டவும் வேண்டும். பெண் தன் வீட்டுக்குள்ளே, தன் கட்டிலில், தனியே தூங்கும்போதும் தலையை மூடியிருக்க வேண்டும். உம்மாவாக நடிப்பவள் வளர்ந்த மகனாக நடிப்பவனைக் கட்டியணைக்க முடியாது, ஏனெனில் நிஜத்தில் அவர்கள் அந்நியர்கள். கணவன் சாகக் கிடந்தாலும் மனைவியின் கை அவன் நெற்றியைத் தொடாது. வீட்டுக்குள் நடக்கின்ற எந்தக் கதையும் இதனால் பொய்யாகிவிடும். எனவே பல இயக்குநர்கள் தெருவுக்கும் மலைப்பாதைக்கும் காருக்குள்ளும் போனார்கள். குழந்தைகளிடம் போனார்கள். ஒரு சிறுமி அண்ணனின் கையைப் பிடிக்கலாம் அல்லவா? கானூனின் மரபு ஏலவே இருந்தது உண்மை. ஆனாலும் நாம் சுத்தம் என்று சொல்லிப் பூரித்ததில் பெரும்பங்கு, தடுக்கப்பட்ட வழியைச் சுற்றிப்போன கால்களின் தடம்.

ஜாபர் பனாஹியை எடுத்துக்கொள்வோம். கியாரோஸ்தமி எழுதிக்கொடுத்த ‘வெள்ளைப் பலூன்’ (1995) நம்மவர்களுக்கு உயிர். தங்கமீன் வாங்கப் போய்க் காசைக் குழிக்குள் தவறவிடுகின்ற சிறுமி. நல்லது. அந்தப் படத்தின் கடைசிச் சட்டகத்தில் யார் நிற்கிறான்? மீன் கிடைத்து எல்லோரும் வீடு போய்விட, பலூன் விற்கின்ற ஆப்கானிய அகதிப் பையன் தனியே நிற்கிறான். புத்தாண்டு பிறக்கும் நேரத்தில் போக வீடில்லாதவன். அவனைப் பற்றி எழுதாமல் சிறுமியின் கள்ளமற்ற கண்களைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினோம். அதே பனாஹி ஐந்து வருடங்களில் ‘வட்டம்’ (2000) எடுத்தார். பெண்பிள்ளை பிறந்துவிட்டதே என்று பாட்டி திகைக்கின்ற மகப்பேற்று விடுதியின் சிறிய கதவில் தொடங்கி, சிறைக்கூண்டின் அதேபோன்ற சிறிய கதவில் முடிகின்ற படம். வெனிஸில் தங்கச் சிங்கம் கிடைத்தது, ஈரானில் தடை கிடைத்தது. ஆண்வேடமிட்டு உதைபந்தாட்டம் பார்க்கப் போகின்ற பெண்களைப் பற்றிய ‘ஓஃப்சைட்’டுக்கும் (2006) அதே கதி. நம் ரசிகர்களில் பலர் பலூனோடு இறங்கிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2010 மார்ச்சில் பனாஹி கைது செய்யப்பட்டார். டிசம்பரில் ஆறு வருடச் சிறை, இருபது வருடங்கள் படமெடுக்கத் தடை, எழுதத் தடை, பயணத் தடை என்று தீர்ப்பு. 2011 பெர்லின் விழாவில் நடுவராக இருக்க வேண்டியவரின் கதிரை காலியாக வைக்கப்பட்டது. அவர் வீட்டுக்குள் இருந்துகொண்டு ‘இது திரைப்படமல்ல’ எடுத்தார். காருக்குள் இருந்துகொண்டு ‘டாக்ஸி’ (2015) எடுத்தார். சக இயக்குநர் மொஹம்மத் ரசூலொஃப் பற்றி விசாரிக்கப் போன இடத்தில் 2022 ஜூலையில் திரும்பவும் பிடிக்கப்பட்டு, உண்ணாவிரதமிருந்து 2023 பெப்ரவரியில் வெளியே வந்தார். தன்னை வதைத்தவனின் பொய்க்கால் சத்தம் தன் காதில் விழுந்ததாக நம்புகின்ற ஒரு முன்னாள் கைதியின் கதையை அனுமதியின்றியே படமாக்கி, 2025 மே மாதம் கான் விழாவில் தங்கப்பனையைப் பெற்றார். ரசூலொஃப் 2024இல் எட்டு வருடச் சிறையும் கசையடியும் விதிக்கப்பட்ட நிலையில் மலைகளைக் கால்நடையாகக் கடந்து நாட்டைவிட்டுப் போனார். அலியின் சப்பாத்துக்கு அழுத நமது கண்கள் ரசூலொஃபின் கால்களைப் பார்த்தனவா?

இனி அந்தக் கட்டுப்பாட்டுத் தத்துவத்துக்கு வருவோம். தடை இருந்தால்தான் கலை செழிக்கும் என்பது வாய்க்காலை மறித்தவனுக்கு விளைச்சலில் பங்கு கேட்பது போன்றது. மறித்த பின்பும் விளைந்தது என்றால் அது வயற்காரனின் கெட்டித்தனம். விளையாமல் போன காணிகளை யார் கணக்குப் பார்த்தது? பைஸாயியின் படங்களில் தீயாக நின்ற நடிகை சூசன் தஸ்லீமி சுவீடனுக்குப் போனார். மொஹ்சன் மக்மல்பாஃப் 2005இல் வெளியேறினார். இளமையில் ஷாவின் பொலிஸ்காரனைக் கத்தியால் குத்திச் சிறைசென்ற புரட்சிக்காரர் அவர். அந்தப் பொலிஸ்காரனையே தேடிப்பிடித்து ‘அப்பாவித்தனத்தின் ஒரு கணம்’ (1996) எடுத்தவர். அவருக்கும் புரட்சியின் நாட்டில் இடம் இருக்கவில்லை. கியாரோஸ்தமி கடைசிக் காலத்தில் இத்தாலியிலும் ஜப்பானிலும் போய்ப் படமெடுத்தார். கட்டுப்பாடு இவ்வளவு நல்லதென்றால் இவர்கள் ஏன் ஓடினார்கள்?

இந்தத் தத்துவத்தை நம்மவர்கள் யாரை நோக்கிப் பிரயோகிக்கிறார்கள் என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுவது. நம்முடைய பெண் கவிஞர் ஒருத்தி உடலைப் பற்றியோ கோபத்தைப் பற்றியோ இரண்டு வரி எழுதினால், உடனே ஈரானிய சினிமா உதாரணமாக வந்து நிற்கிறது. பார், அவர்கள் எவ்வளவு நாகரிகமாகச் சொல்கிறார்கள் என்று. எந்த அவர்கள்? ஃபரூக்கா? தன் காமத்தைத் தன் பெயரிலேயே எழுதி, முப்பத்திரண்டு வயதில் செத்துப்போகும்வரை வசை வாங்கியவள் அவள். தஹ்மீனா மிலானியா? ‘மறைக்கப்பட்ட பாதி’ என்ற படத்துக்காக 2001இல் கைதுசெய்யப்பட்டவர். மர்ஸியே மெஷ்கினியின் ‘நான் பெண்ணான நாள்’ (2000) பார்த்தவர்கள் இந்த உதாரணத்தைச் சொல்லவே மாட்டார்கள். ஒன்பது வயது நிறைகின்ற ஹவ்வாவுக்கு நண்பகலிலிருந்து முக்காடு. அதன்பின் ஆண்பிள்ளைகளோடு விளையாட்டில்லை. கையில் ஒரு குச்சியைக் கொடுத்து, இதன் நிழல் இல்லாமல் போகும்வரை விளையாடு என்று அனுப்புகிறார்கள். அவள் மணலில் குச்சியை நட்டு நட்டுப் பார்க்கிறாள். நிழல் சுருங்கிக்கொண்டே வருகிறது. சத்தமில்லை, கூச்சலில்லை, உண்மைதான். ஆனால் அந்த நிழலைவிடக் காரமான வரியை நம் பெண்கள் எவரும் எழுதியதாக எனக்குத் தெரியவில்லை. மெஷ்கினியை நாகரிகம் என்பவர்கள் நம்மவளை மட்டும் ஏன் நாகரிகமற்றவள் என்கிறார்கள்? மெஷ்கினி தூரத்தில் இருக்கிறார். இவள் நம் ஊரில் இருக்கிறாள்.

மஜீதியிடமே திரும்பி வருகிறேன், ஏனெனில் ‘சுத்த’ ரசிகர்களின் இமாம் அவர்தான். நபிகளாரின் (ஸல்) சிறுபராயத்தைப் பற்றி அவர் 2015இல் பெரும் பொருட்செலவில் ஒரு படம் எடுத்தார். முகம் காட்டப்படவில்லை. இசை ஏ.ஆர். ரஹ்மான். மும்பையின் ரஸா அகடமி இருவருக்கும் எதிராக ஃபத்வா வாங்கி வெளியிட்டது. ரஹ்மான் பொதுவில் விளக்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. படம் எனக்குப் பெரிதாகப் பிடிக்கவில்லை. சீனி கூடிப்போன வட்டிலப்பம் மாதிரி. ஆனால் அது வேறு விடயம். இருபது வருடமாக மஜீதியை நம் மார்க்கத்தின் கலைஞர் என்று தோளில் தூக்கியவர்கள், ஃபத்வா வந்த வாரத்தில் அவருக்காக ஒரு பத்தி எழுதியிருக்க வேண்டாமா? சப்பாத்து அழகாக இருந்தபோது மட்டும் அவர் நம்மவர்.

பஹ்ராம் பைஸாயியின் ‘பாஷு, சின்ன அந்நியன்’ 1986இல் எடுக்கப்பட்டு, யுத்தம் முடியும்வரை திரைக்கு வரவிடப்படாத படம். தெற்கிலே குண்டுவீச்சில் வீட்டையும் குடும்பத்தையும் இழந்த சிறுவன் லொறியொன்றில் ஒளிந்து வடக்கே கீலானுக்கு வந்து சேர்கிறான். கறுத்தவன், அரபு பேசுபவன். நாயீ என்ற விவசாயப் பெண் அவன் உடம்பைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிப் பார்க்கிறாள், நிறம் போகுமென்று. பிறகு ஊரே எதிர்க்க அவனைத் தன் பிள்ளையாக்கிக் கொள்கிறாள். 1990 ஒக்டோபரில் இரண்டு மணித்தியால அவகாசத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்துக்கு வந்த சமூகத்துக்கு, வந்த இடத்தில் ‘அகதி’ என்ற பெயரோடு முப்பது வருடங்களைக் கழித்தவர்களுக்கு, இதைவிட நெருக்கமான ஈரானியப் படம் உண்டா? நம் ரசிகர்களின் பட்டியலில் பாஷு பின்வரிசையில் கிடக்கிறான். அதில் யுத்தம் இருக்கிறது, நிறம் இருக்கிறது, வந்தவனை வேண்டாமென்கிற ஊர் இருக்கிறது.

ஈரானுக்குப் போகத் தேவையுமில்லை. பிரசன்ன விதானகேயின் ‘புரஹந்த களுவர’ 2000இல் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டது. மூடி முத்திரையிட்ட பெட்டிக்குள் தன் மகன் இருப்பதை நம்ப மறுக்கின்ற ஒரு கண்தெரியாத தகப்பன், ஜோ அபேவிக்ரமவின் நடிப்பு. உயர் நீதிமன்றம் வரை போய்த்தான் படம் வெளியே வந்தது. அதே விதானகே 2003இல் ‘இர மதியம’ எடுத்தார். அதிலுள்ள மூன்று கதைகளில் ஒன்று, வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்படும்போது தன் நாயை விட்டுப்போக மனமில்லாத அரபாத் என்ற சிறுவனுடையது. எங்கள் வெளியேற்றத்தை ஒரு சிங்கள இயக்குநர் ஒரு பிள்ளையையும் ஒரு நாயையும் வைத்துச் சொன்னார். கியாரோஸ்தமியின் சிறுவனுடைய அப்பியாசக் கொப்பி பற்றி எத்தனையோ கட்டுரைகளைப் படித்துவிட்டேன். அரபாத்தின் நாய் பற்றி நம்மவர் எழுதிய ஒரு பக்கத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.