தரப்புள்ளியைக் கண்டு அஞ்சலாமா?

பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளைகள் உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் சொல் 'ஜிபிஏ'. இதனைத் தமிழில் சராசரித் தரப்புள்ளி எனலாம். தீபாவளிக்குப் பொருள் வாங்க லிட்டில் இந்தியாவுக்கு வரும் உறவினர்கள் தேக்காவில் சந்தித்துக்கொண்டால், "உங்க மகளுக்கு ஜிபிஏ எவ்வளவு?" என்ற கேள்வி எழுவதுண்டு. "மூன்று புள்ளி எட்டு" என்ற விடையைக் கேட்டுச் சிலர் பாராட்டுவார்கள், சிலர் "அவ்வளவுதானா?" என்பார்கள். ஆனால், அந்த எண் எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதை அறிந்தவர்கள் குறைவு. அதனைச் சரியாகப் புரிந்துகொள்ளாமல் அஞ்சும் மாணவர்கள், தாங்கள் விரும்பிய பாடத்தையே கைவிடவும் கூடும். ஆகவே, பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் முன்பே தரப்புள்ளியைப் பற்றித் தெளிவு பெறுவது நல்லது.

சராசரித் தரப்புள்ளியின் கணக்கு கடினமானதன்று. தேக்கா சந்தையில் ஒருவர் கிலோ இரண்டு வெள்ளி வீதம் மூன்று கிலோ வெங்காயமும், கிலோ நான்கு வெள்ளி வீதம் ஒரு கிலோ தக்காளியும் வாங்குகிறார் எனக் கொள்ளலாம். அவர் ஒரு கிலோவுக்குச் சராசரியாகக் கொடுத்த விலை மூன்று வெள்ளியன்று. நான்கு கிலோவுக்குப் பத்து வெள்ளி கொடுத்ததால், சராசரி விலை 2.50 வெள்ளி. வெங்காயத்தின் எடை கூடுதலாக இருப்பதால், சராசரி அதன் விலையை நோக்கிச் சாய்கிறது.

பல்கலைக்கழகப் பாடங்களுக்கும் இத்தகைய எடை உண்டு. அதனை 'அலகு' என்பர். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் 'ஏ' தரத்துக்கு 5.0 புள்ளியும், 'பி பிளஸ்' தரத்துக்கு 4.0 புள்ளியும், 'பி' தரத்துக்கு 3.5 புள்ளியும், 'சி' தரத்துக்கு 2.0 புள்ளியும் வழங்கப்படுகின்றன. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் அலகால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த அலகுகளால் வகுத்தால் கிடைப்பதே சராசரித் தரப்புள்ளி. நான்கு அலகுப் பாடம் ஒன்றில் 'ஏ' தரமும், இரண்டு அலகுப் பாடம் ஒன்றில் 'சி' தரமும் பெற்றவரின் சராசரி 3.5 அன்று, 4.0 ஆகும்.

இந்தக் கணக்கு மாணவர்களுக்கு ஆறுதல் தரும் ஓர் உண்மையையும் சொல்கிறது. ஒரு மாணவி முதல் பருவத்தில் ஐந்து பாடங்கள் படிக்கிறாள். எல்லாம் நான்கு அலகுப் பாடங்கள். நான்கில் 'பி பிளஸ்' பெற்ற அவள், ஒன்றில் மட்டும் 'சி' பெறுகிறாள். அவளுடைய சராசரி 4.0 இலிருந்து 3.6 ஆகக் குறைந்துவிடுகிறது. 'எல்லாம் போய்விட்டது' என்று அவள் மனம் உடையலாம். ஆனால், நான்கு ஆண்டுப் படிப்பில் மொத்தம் 160 அலகுகள், அதாவது இத்தகைய நாற்பது பாடங்கள் உள்ளன. மற்ற எல்லாவற்றிலும் அவள் 'பி பிளஸ்' பெற்றால், அவளுடைய இறுதிச் சராசரி 3.95 ஆக இருக்கும். வேறு இரண்டு பாடங்களில் 'ஏ' பெற்றாலோ அந்தக் குறையும் முழுமையாக நீங்கி, சராசரி 4.0 ஆகிவிடும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சமையலுக்குப் பொருந்தும். மாணவரின் திறனை ஒரு பாடத்தைக் கொண்டு அளப்பதற்குப் பொருந்தாது.

அதே கணக்கு ஓர் எச்சரிக்கையும் தருகிறது. முப்பத்தைந்து பாடங்களில் 'பி' தரம் பெற்ற ஒருவர், இறுதிப் பருவத்தின் ஐந்து பாடங்களிலும் 'ஏ' பெற்றாலும் அவருடைய சராசரி 3.5 இலிருந்து ஏறத்தாழ 3.69 வரைதான் உயரும். கடைசி நேரத்தில் விழுந்து விழுந்து படித்துச் சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் இங்கே பலிக்காது. தொடக்கம் முதல் சீராக உழைப்பவருக்கே இந்த முறை கைகொடுக்கும்.

பிறருடைய தரப்புள்ளியோடு ஒப்பிடும்போதும் கவனம் தேவை. பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் உச்ச அளவு 4. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்திலும் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அது 5. சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 10. எனவே, 3.8 என்பது தொழிற்கல்லூரியில் மிக உயர்ந்த தேர்ச்சி. ஐந்து புள்ளி அளவில் அது சிறப்புத் தேர்ச்சிக்குச் சற்றுக் கீழே உள்ள நிலை. எந்த அளவுகோல் என்று கேட்காமல் பாராட்டுவதும் பழிப்பதும் முறையன்று.

"வேலைக்கும் உபகாரச் சம்பளத்துக்கும் விண்ணப்பிக்கும்போது தரப்புள்ளியைத்தானே பார்க்கிறார்கள்? கடினமான பாடத்தை எடுத்து ஏன் ஆபத்தை விலைக்கு வாங்க வேண்டும்?" என்று சிலர் கேட்கலாம். இக்கேள்வியில் நியாயம் உண்டு. பட்டத்தின் தகுதிநிலையும் இந்த எண்ணைப் பொறுத்தே அமைகிறது. 4.49 பெற்றவருக்கும் 4.50 பெற்றவருக்கும் கிடைக்கும் தகுதிநிலைகள் வெவ்வேறு. ஆயினும், ஏற்கெனவே தெரிந்ததையே மீண்டும் படித்து உயர்ந்த எண்ணைப் பெறுபவர், புதிய திறன் எதையும் பெறாமல் வெளியேற நேரிடும். நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் வரலாற்று மாணவரும், தத்துவம் படிக்க விரும்பும் பொறியியல் மாணவரும் ஓர் எண்ணுக்காகப் பின்வாங்கினால், இழப்பு அவர்களுக்குத்தான்.

இந்தச் சிக்கலைப் பல்கலைக்கழகங்களும் உணர்ந்துள்ளன. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் 2014ஆம் ஆண்டில், புதிய மாணவர்கள் தங்கள் முதல் பருவத் தரங்களைச் சராசரியில் சேர்க்காமல் விடலாம் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. 'சி' அல்லது அதற்கு மேற்பட்ட தரம் பெற்றவர், அதற்குப் பதிலாக 'நிறைவு' என்ற குறிப்பை மட்டும் பெறலாம். பாடத்துக்குரிய அலகுகள் அவருக்குக் கிடைக்கும்; சராசரி மாறாது. புதிய சூழலுக்குப் பழகவும், அறியாத துறைகளை அச்சமின்றித் தொட்டுப் பார்க்கவும் வழி செய்வதே இதன் நோக்கம். இத்தகைய வாய்ப்பைக் குறைந்த தரத்தை மறைக்கும் திரையாக மட்டும் பயன்படுத்தாமல், புதிய பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் துணிவாகப் பயன்படுத்துவதே சிறப்பு.

பள்ளிகளிலும் மாற்றம் வந்துள்ளது. 2019ஆம் ஆண்டு முதல் தேர்ச்சி அறிக்கையில் மாணவரின் வகுப்பு நிலை குறிப்பிடப்படுவதில்லை. கற்றல் என்பது பிறரை முந்தும் ஓட்டமன்று என்பதை உணர்த்தவே கல்வி அமைச்சு இம்முடிவை எடுத்தது. ஆனால், விதி மாறினால் மட்டும் போதாது. மனமும் மாற வேண்டும். "எத்தனை புள்ளி?" என்று கேட்கும் பெற்றோரும் உறவினரும், "இந்தப் பருவத்தில் புதிதாக என்ன கற்றுக்கொண்டாய்?" என்றும் கேட்கப் பழக வேண்டும்.

சராசரித் தரப்புள்ளி ஒரு மாணவர் தம் பாடங்களில் எவ்வளவு சீராக உழைத்தார் என்பதை ஓரளவு காட்டும். அவருடைய ஆர்வத்தையோ நேர்மையையோ, தவறியபின் மீண்டும் எழும் ஆற்றலையோ அது காட்டாது. எனவே, மாணவர்கள் அந்த எண்ணின் கணக்கைத் தெளிவாகப் புரிந்துகொண்டு, அதற்கு உரிய மதிப்பை மட்டும் அளித்து, கற்க வேண்டிய பாடத்தைத் துணிவுடன் தேர்ந்தெடுக்க வேண்டும்.