வாய் திறக்கக் கூடாதவரின் நாள்

ஜனவரி 15 தமிழ்நாட்டில் பொங்கலாக இருக்கும், இல்லையென்றால் மாட்டுப் பொங்கலாக இருக்கும். தில்லியின் நாட்காட்டியில் அது ராணுவ தினம். கரும்பும் மஞ்சள்கொத்துமாக இருக்கும் நேரத்தில் ராணுவ தினத்தை இங்கே யார் நினைக்கிறார்கள்? லீவு கிடைக்காத மகனின் வீட்டில் மட்டும் நினைப்பார்கள். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்படிப்பட்ட ஊர்களில் பானை பொங்கும்போது வாசலில் ஓர் ஆள் குறைவது பழகிப்போன சங்கதி.

1949-இல் இதே நாளில்தான் குடகைச் சேர்ந்த கே.எம். கரியப்பா, ஜெனரல் ராய் புச்சரிடமிருந்து தலைமைத் தளபதிப் பொறுப்பை ஏற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர் அவர். ஒரு பதவி கைமாறிய நாள், போகப்போகச் சீருடையில் இருப்பவர்களைப் போற்றும் நாளாகிவிட்டது. ஓய்வு பெற்றவர்களுக்கு முந்தைய நாளே தனி தினம் உண்டு. கரியப்பா ஓய்வு பெற்றது 1953 ஜனவரி 14-இல். (சில ஆண்டுகளில் அது போகியன்று வந்து விழுகிறது. போகியில் என்ன செய்வோம் என்பது தில்லிக்குத் தெரியாது, விட்டுவிடுவோம்.) 2023-இல் அணிவகுப்பு முதல்முறையாகத் தில்லியை விட்டு பெங்களூரு வந்தது. பிறகு லக்னோ, பிறகு புணே. ராணுவத்தை மக்கள் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்ற எண்ணம் நல்லதே. ஆனால் பார்ப்பதோடு நின்றுவிடுகிறது. படைவீரர் சொல்வதைக் கேட்க ஏற்பாடு இல்லை.

2017 ஜனவரியை நினைவுபடுத்திக்கொள்ளலாம். எல்லைப் பாதுகாப்புப் படைக் காவலர் ஒருவர், தனக்குப் போடப்பட்ட கருகிய ரொட்டியையும் தண்ணீராய் ஓடிய பருப்பையும் கைபேசியில் படம்பிடித்து வெளியிட்டார். அது உள்துறையின் கீழ் வரும் படை. ஆனாலும் பொறி ராணுவத்துக்கும் பரவியது. அதிகாரிகளுக்கு உதவியாளராக வரும் ஜவான்களை வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக்கொள்ளும் ‘சகாயக்’ முறையைப் பற்றிப் படைவீரர்களும் காணொளி போட்டார்கள். அப்போதைய தலைமைத் தளபதி பிபின் ராவத் குறைகளை எழுதிப் போடப் பெட்டி வைக்கப்படும் என்று அறிவித்தார். அதே வாரத்தில் ராணுவ தினம் வந்தது. அன்றைய உரையில், குறைகளைச் சமூக ஊடகத்துக்குக் கொண்டுபோகிறவர்கள் தண்டனைக்கு உள்ளாகலாம் என்று எச்சரித்தார். வீரர்களைக் கொண்டாடும் நாளிலேயே அவர்கள் வாய்க்குப் பூட்டு. ரொட்டியைப் படம்பிடித்தவர் ஏப்ரலில் பணிநீக்கம் செய்யப்பட்டார்.

ராவத் சட்டத்தை மீறிப் பேசவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் 33-ஆவது பிரிவு, படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. சங்கம் வைப்பது, பத்திரிகைக்குப் பேசுவது, அரசியலில் ஈடுபடுவது எல்லாவற்றுக்கும் ராணுவ விதிகளில் தடை உண்டு. இந்தத் தடைகளை நான் எதிர்க்கவில்லை. தளபதிகள் வாய் திறந்த அண்டை நாடுகளில் ஆட்சிகள் கவிழ்ந்ததைப் பார்த்திருக்கிறோம். துப்பாக்கி வைத்திருப்பவர் அரசியல் பேசாதிருப்பது குடியரசுக்கு நல்லது.

ஆனால் ஆசிரியர் மறியல் செய்யலாம், விவசாயி டிராக்டரோடு தலைநகரை முற்றுகையிடலாம், ஓய்வு பெற்ற ராணுவத்தினர்கூட 2015-இல் ‘ஒரே பதவி, ஒரே ஓய்வூதியம்’ கேட்டு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தார்கள். பணியில் இருப்பவருக்கு இது எதுவும் கிடையாது. ஒருவர் வாயை நாட்டின் நன்மைக்காக அடைத்துவிட்டால், அவர் பேச வேண்டியதை வேறொரு வழியில் கேட்கும் கடமையும் நாட்டுக்கு வந்துவிடுகிறது.

ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறதே என்பார்கள். 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது, சென்னையிலும் அமர்வு உண்டு. அந்தச் சட்டத்தைப் புரட்டிப் பாருங்கள். ‘பணி விவகாரம்’ எதுவென்று சொல்லும் இடத்திலேயே, இடமாற்றமும் விடுப்பும் விலக்கப்பட்டிருக்கின்றன. போஸ்டிங், லீவு: ஒரு ஜவானின் மனைவி தொலைபேசியில் அவரிடம் கேட்கிற இரண்டே கேள்விகள் இவைதான். இரண்டும் தீர்ப்பாயத்தின் வாசலுக்கு வெளியே.

நான்கு ஆண்டுக்கு ஆள் சேர்க்கும் அக்னிபத் திட்டம் இந்த வாய்ப்பூட்டை இன்னும் இறுக்குகிறது. நான்கு ஆண்டு முடிவில் ஒவ்வொரு அணியிலும் அதிகபட்சம் 25 சதவீதம் பேர்தான் தொடர்ந்து வைத்துக்கொள்ளப்படுவார்கள். யார் என்பதைப் பணிக்கால மதிப்பீடு முடிவு செய்யும். மேலதிகாரியின் மதிப்பெண்ணில் வாழ்க்கை தொங்கும்போது எந்த 20 வயதுப் பையன் பருப்பில் தண்ணீர் அதிகம் என்று சொல்வான்?

ஜெர்மனியைப் பாருங்கள். ராணுவம் கட்டுமீறிப் போனால் என்ன ஆகும் என்பதை அதைவிட அறிந்த நாடு இல்லை. அந்த நாடு 1956-இல் தன் அரசமைப்பில் ஒரு பிரிவைச் சேர்த்து, படையினருக்காக நாடாளுமன்ற ஆணையர் என்ற பதவியை உருவாக்கியது. எந்தச் சிப்பாயும் தன் அதிகாரியிடம் கேட்காமல் அவருக்கு நேராகக் கடிதம் எழுதலாம். ஆணையர் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் அறிக்கை வைக்கிறார். முகாம்களின் நிலைமை, கருவிப் பற்றாக்குறை, மேலதிகாரிகளின் நடத்தை எல்லாம் அதில் வெளிப்படையாக வந்துவிடும். இதனால் அங்கே கட்டுப்பாடு குலைந்துவிடவில்லை.

நமக்கும் அப்படி ஒருவர் வேண்டும். பாதுகாப்பு அமைச்சகத்துக்குக் கட்டுப்படாமல், நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்பவராக. மக்களவையில் தமிழ்நாட்டுக்கு 39 பேர் இருக்கிறார்கள். அடுத்த ராணுவ தினத்துக்கு வாழ்த்துச் செய்தி வெளியிடுவதை விட்டுவிட்டு, அவர்களில் ஒருவராவது இதற்கான தனிநபர் மசோதாவைக் கொண்டுவரட்டும்.